சேலத்து இசைக்கூடம்: இரவலும் உரிமையும்

ஒரு மெட்டு யாருக்குச் சொந்தம்? முதன்முதல் அதை முணுமுணுத்தவனுக்கா? அதை வாங்கித் தன் மொழியில் பாடி நிலைநிறுத்தியவனுக்கா? நிலத்துக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. காற்றில் வந்து காதில் விழுந்து நெஞ்சில் தங்கிவிடும் பண்ணுக்கு எல்லைக்கல் நடுவது அத்தனை எளிதன்று.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவ்வினா புதியதும் அன்று. கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து, நாமா என்னும் இலக்கிய வகைகள் அரபு, பார்சி மொழிகளின் தொடர்பால் நம் முன்னோர் தமிழுக்குக் கொண்டுவந்தவை. பக்கீர்மார் தாயிராவைக் கொட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிவந்த அந்தப் பாட்டுகளை இன்று எவரும் இரவற்பொருள் என்று சொல்வதில்லை. மறுபுறம், உமறுப் புலவர் தமிழ்க் காப்பிய மரபை முழுதாகக் கைக்கொண்டு சீறாப்புராணம் பாடினார். அரபு நாட்டைப் பாட வந்த அப்பெருமகனார், தமிழ் மருத நிலத்தின் ஆற்றையும் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். கொள்வினையும் கொடுப்பினையும் நம் இலக்கியத்தின் பிறவிக்குணமாகவே இருந்து வந்திருக்கின்றன.

அதே கொள்வினை கொடுப்பினை இசைத்துறையில் நடந்த ஓரிடத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். சேலம் நகரில், ஏற்காடு செல்லும் சாலையில், 1935 தொடங்கி 1982 வரை இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையமே அவ்விடம். அதன் படங்களைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே பேச விரும்புவது அதன் இசையைப் பற்றி. திரையிசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்க விவாதத்துக்குள் நாம் புகவில்லை. நடந்ததை நடந்தவாறு அறிவதே நோக்கம். அவ்வரலாற்றில் நம்மவர் பங்கு சிறியதன்று என்பதும், அப்பங்கு நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது என்பதும் இதை எழுதத் தூண்டிய காரணங்கள்.

நெசவு நாட்டில் ஓர் ஒலிக்கூடம்

சேலம், நாமக்கல் சமவெளி உழவுக்கும் நெசவுக்கும் பேர்பெற்றது. இன்று நாமக்கல் தனி மாவட்டம். 1997 ஜனவரி முதல் நாளன்றுதான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. நாம் பேசும் காலத்தில் இரண்டும் ஒரே மாவட்டம். சேர்வராயன் மலையடிவாரம் தொடங்கித் திருச்செங்கோடு, இராசிபுரம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று காவிரிக் கரை வரையில் தறிச்சத்தம் கேளாத ஊர் குறைவு.

அந்தத் திருச்செங்கோட்டில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். துணித்தொழில் நுட்பம் பயில இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்றவர். பட்டம் பெற்று ஊர் திரும்பியபின் ஆலைத்தொழிலில் அமர்ந்துவிடாமல், அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த படத்தொழிலின்மேல் மனம் வைத்தார். சேலத்தில் எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளை நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸுடன் கூட்டுச் சேர்ந்து தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றார்.

அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க விரும்பியோர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பயணப்பட்டனர். நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் என ஒரு கூட்டமே ரயிலேறிச் சென்று, மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி வேலையை முடித்துத் திரும்பும். இந்த அலைச்சலைக் கண்ட சுந்தரம், எல்லாவற்றையும் தம் மண்ணிலேயே அமைத்துவிடுவது என்று துணிந்தார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் அறை, ஒப்பனைக் கூடம், இசைக்குழு ஆகிய யாவும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. கலைஞரும் தொழிலாளரும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். ஆலைக்குச் சங்கு ஊதுவதுபோல் அங்கே நேரக் கட்டுப்பாடு. நிலையத்தின் முதற்படமாகிய ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது.

இசை வரலாற்றுக்கு இந்த மாதச் சம்பள ஏற்பாடு மிக முக்கியமானது. கச்சேரி மேடையில் வித்துவான் தனிமனிதர். அவர் பெயரே கச்சேரியின் பெயர். நாடகக் கம்பெனியில் ஆர்மோனியக்காரர் ஒருவரும் மிருதங்கக்காரர் ஒருவரும் போதும். இசைப்பவர் பலர் ஒரு கூரையின்கீழ் நாள்தோறும் கூடி, இன்று புராணப் படத்துக்கும் நாளை சாகசப் படத்துக்கும் என்று வாசிக்கும் வாழ்க்கை தமிழ்நாட்டுக்கே புதிது. அவ்வாறு கூடி உழைக்கும்போது ஒருவர் கை மற்றவருக்குப் பழகுகிறது. ஒருவர் கொண்டுவந்த சரக்கு அனைவருக்கும் பொதுவாகிறது.

அன்றைய ஒலிப்பதிவு முறையையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பின்னணிப் பாட்டு என்னும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. நடிப்பவரே கேமராவின் முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர் படத்தில் தெரியாதவாறு தட்டிக்குப் பின்னாலோ மரத்தின் மறைவிலோ அமர்ந்து வாசிப்பர். இருப்பது பெரும்பாலும் ஒற்றை மைக். எந்தக் கருவி எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒருவர் தவறினாலும் முழுக் காட்சியையும் மறுபடி எடுக்க வேண்டும். படச்சுருளோ விலை மிகுந்தது. திரையில் முகமே தெரியாத அந்த மனிதர்களின் கைத்திறத்தில்தான் முதலாளியின் பணம் நின்றது.

பட்டியலில் ஒரு பெயர்

1938 ஜனவரி 19ஆம் நாள் மலையாள மொழியின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ வெளிவந்தது. அதைத் தயாரித்தது கேரளத்தில் உள்ள நிறுவனம் எதுவும் அன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸே. இயக்கியவர் எஸ். நொட்டானி. ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர். பாட்டெழுதியவர் முதுகுளம் இராகவன் பிள்ளை. தமிழ்நாட்டு நெசவு நகரம் ஒன்றில், வெவ்வேறு ஊரும் மொழியும் கொண்ட மனிதர்கள் கூடி, அண்டை மொழிக்கு முதற் பேச்சைக் கொடுத்தனர்.

அப்படத்தின் இசைக்குப் பொறுப்பானவர்களாகக் கே.கே. அரூர், இப்ராஹிம் என்னும் இரு பெயர்கள் பட்டியலில் நிற்கின்றன. அரூர் அப்படத்தின் நடிகர், பாடவும் செய்தவர். ஆதலால் அவரை வரலாறு நினைவில் வைத்துக்கொண்டது. இப்ராஹிம் என்னும் பெயரோ தந்தை பெயரின்றி, ஊர்ப்பெயரின்றி, முகமின்றி நிற்கிறது. இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கொண்ட அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை. அழிந்துபோன படங்களின் கணக்கில் அது சேர்ந்துவிட்டது. கொட்டகை வாசலில் விற்கப்பட்ட பாட்டுப்புத்தகம் மட்டும் எஞ்சியது. ஒரு மொழியின் திரையிசையைத் தொடங்கிவைத்த இருவரில் ஒருவர் இப்ராஹிம் என்பதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ராமநாதனும் இரு கவிஞர்களும்

சேலத்து இசைக்கு ஒரு குணத்தைக் கொடுத்தவர் ஜி. ராமநாதன். திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவிலில் 1910இல் பிறந்தவர். தமையனாரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத் தொடங்கியவர். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘உத்தம புத்திர’னுக்கு இசையமைத்தார். பி.யு. சின்னப்பா இரு வேடங்களில் நடித்து, தமிழ்த் திரையில் இரட்டை வேடத்துக்கு வழிகாட்டிய படம் அது. கதை, பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. சேலத்துக்கும் பிரெஞ்சு நாட்டுக்கும் இவ்வாறு ஏற்பட்ட தொடர்பு மேலும் இருமுறை வரும். வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்க.

ராமநாதன் கர்நாடக இராகங்களில் ஊறியவர். இராகத்தை நாலு நிமிடப் பாட்டுக்குள் சுருக்கும்போது அதன் உயிர் போகாமல் காக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. 1950இல் அவருடைய இசையில் இரு படங்கள் வந்தன. ஒன்று, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’. மற்றொன்று, குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்த ‘மந்திரி குமாரி’. மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி.ஆர். நடிக்க, அமெரிக்கராகிய எல்லிஸ் டங்கனும் சுந்தரமும் சேர்ந்து இயக்கியது. கொலை செய்யும் நோக்கத்தோடு கணவன் தன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சியில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டைக் கேட்டோர் மறவார். சொல்லில் காதல், மெட்டின் அடியில் அச்சம். இரண்டையும் ஒரே மூச்சில் ஒலிக்கச் செய்தது ராமநாதனின் தனித்திறம்.

அந்த இசைக்குச் சொல் கொடுத்தவர்கள் இருவர். 1949இல் ‘மாயாவதி’ படத்தின் வழியாகத் திரைக்கு வந்த அ. மருதகாசி ஒருவர். மற்றவர் நம் கவி கா.மு. ஷெரீப். சோழநாட்டின் அபிவிருத்தீசுவரத்தில் 1914இல் பிறந்த கவி அவர்கள், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் தோள்கொடுத்து நின்றவர், இதழ்கள் நடத்தியவர், பிற்காலத்தில் சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தவர். கருணாநிதியைச் சேலத்துக்கு அறிமுகம் செய்தவரே ஷெரீப்தான் என்று திரை வரலாற்றை எழுதியோர் கூறுவர். ‘மந்திரி குமாரி’யின் பாடலாசிரியர்களாக மருதகாசியும் ஷெரீபும் சேர்த்தே குறிக்கப்படுகின்றனர். அதனால் எந்தப் பாட்டு எவருடையது என்னும் வழக்கு ரசிகர்களிடையே இன்றுவரை ஓயவில்லை. 1994இல் கவி அவர்கள் மறைந்தார்கள், வழக்கோ மறையவில்லை. மெட்டுக்குத்தான் உரிமைச் சிக்கல் என்று எண்ணியிருந்தோம். சொல்லுக்கும் அதே கதி நேர்ந்ததைக் காண்கிறோம்.

ராமநாதனைப் பற்றி மேலும் ஒன்று. அமெரிக்காவில் பில் ஹேலி முதலியோர் 1950களின் நடுவில் பரப்பிய ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் துள்ளலிசை உலகையே ஆட்டிவைத்தது. சேலத்தில் 1940இல் ‘உத்தம புத்திர’னுக்கு இசையமைத்த அதே ராமநாதன், 1958இல் அதே பெயரில் வேறொரு நிறுவனம் சென்னையில் எடுத்த படத்துக்கும் இசையமைத்தார். அதில் ஹெலன் ஆடிய நடனத்துக்கு அந்தத் துள்ளலிசையைத் தமிழ்ப்பாட்டோடு பிணைத்துக் கொடுத்தார். கதாகாலட்சேப ஆர்மோனியத்திலிருந்து ராக் இசை வரையில் ஒரே மனிதரின் கை பயணம் செய்தது. இராகம் அறிந்தவரே அந்நிய இசையை அஞ்சாமல் தொட்டார் என்பது சிந்திக்கத் தக்கது.

அலிபாபா வந்த வழி

1956 பொங்கலன்று ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளிவந்தது. முழுநீள வண்ணப்படமாகத் தமிழில் வந்த முதற்படம் அது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, சுந்தரமே இயக்கினார். இசை எஸ். தட்சிணாமூர்த்தி. இந்தியில் 1954இல் வந்த அலிபாபா படத்தின் மெட்டுகள் சில தமிழிலும் ஒலித்தன. ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடிய காதற்பாட்டு அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் தமிழர் அதை வேற்றுமொழிப் பாட்டென்று எண்ணியதே இல்லை. அப்படத்தில் ஒரு பாட்டுக்கு நடனமாடிய இளம்பெண் வஹீதா ரஹ்மான், செங்கற்பட்டில் பிறந்த முஸ்லிம் பெண்மணி. பின்னாளில் இந்தித் திரையில் புகழின் உச்சியைத் தொட்டவர்.

இந்த அலிபாபா கதை எங்கிருந்து வந்தது? ‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்று உடனே சொல்லிவிடுவோம். உண்மை வேறு. அந்நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லை. 1709ஆம் ஆண்டு, சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் அரபுக் கிறிஸ்தவ இளைஞர் பாரிசுக்குச் சென்றிருந்தார். அங்கே அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞரிடம் பல கதைகளைச் சொன்னார். அவற்றுள் அலிபாபாவும் அலாவுதீனும் அடங்கும். கலான் அவற்றை விரித்தெழுதித் தம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சேர்த்தார். அலிபாபா 1717இல் அச்சேறியது. அச்சிட்ட நூலில் கதை சொன்னவர் பெயரைக் கலான் குறிக்கவில்லை. தம் நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்தார். வத்திக்கன் நூலகத்தில் கிடந்த அரபுக் கையெழுத்துப் பிரதி ஒன்று தியாபின் பயண நினைவுகள் என்று அறியப்பட்டது சென்ற நூற்றாண்டின் இறுதியில்தான்.

அலெப்போவிலிருந்து பாரிசு, பாரிசிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து சேலம். ஒரு கதை இப்படி ஊர் ஊராகக் கைமாறியதில் உலகம் பெரும்பயன் அடைந்தது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சொன்னவன் பெயர் நெடுங்காலம் இருளில் கிடந்தது தவறுதானே? சேலத்து இசையின் வரலாற்றை எடைபோடும் தராசும் இதுவே என்று கருதுகிறோம்.

ஒட்டுப்போட்ட கோட்டு

1961இல் சுந்தரம் தாமே இயக்கிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ மலையாளத்தின் முதல் வண்ணப்படம். பெயரின் பொருள் ஒட்டுப்போட்ட கோட்டு என்பது. செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர், ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்னும் ஆசையில் பாடுபட்டுச் சேர்த்த காசைத் தம் கிழிந்த கோட்டுக்குள் வைத்துக் காக்கிறார். ஏழைப்பெண் ஒருத்தியின் திருமணம் பணமில்லாமல் முறியும் நிலை வருகிறது. முதியவர் கோட்டைப் பிரிக்கிறார். மலபார் முஸ்லிம்களின் வாழ்வையும் வரதட்சிணைக் கொடுமையையும் காட்டிய இக்கதைக்கு உரையாடல் எழுதியவர் கே.டி. முகம்மது, பாட்டெழுதியவர் பி. பாஸ்கரன்.

இசையமைத்தவர் எம்.எஸ். பாபுராஜ், அதாவது முகம்மது சாபிர் பாபுராஜ். தந்தையார் ஜான் முகம்மது கான் வங்காளத்திலிருந்து வந்த இந்துஸ்தானி இசைவாணர். பாபுராஜ் கோழிக்கோட்டில் வளர்ந்து, மாப்பிள்ளைப் பாட்டின் துள்ளலையும் வடநாட்டு இசையின் குழைவையும் ஒன்றாகக் கலந்தவர். 1978இல் அவர் மறைந்தபோதும் அவருடைய மெட்டுகள் மறையவில்லை; மலையாளிகள் அவற்றை இன்றும் தங்கள் மண்ணின் இசையாகவே பாடுகின்றனர். வங்காளத்து இரத்தம், மலபார் மண், சேலத்து முதலீடு ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த இசையை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? கோட்டுக்கு ஒட்டுப்போட்ட துணி எங்கிருந்து வந்ததென்று எவரும் கேட்பதில்லை. குளிருக்கு உதவியதா என்றுதான் கேட்பர்.

வேதாவின் கிதார்

1963இல் சுந்தரம் காலமானார். ராமநாதன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். நிலையம் சுந்தரத்தின் மகனார் பொறுப்பில் வந்தது. படங்களின் போக்கும் மாறியது. துப்பறியும் கதைகளும் சாகசக் கதைகளும் பெருகின. ஜெய்சங்கர் துப்பாக்கி ஏந்தினார். 1966இல் வந்த ‘வல்லவன் ஒருவன்’, 1964இல் வெளியான பிரெஞ்சு உளவுப்படம் ஒன்றைத் தழுவியது. தூமாவும் அலிபாபாவும் வந்த வழியில் பிரெஞ்சு நாடு மூன்றாம் முறையாகச் சேலத்துக்கு வந்தது.

இப்படங்களின் இசையமைப்பாளர் வேதா என்னும் எஸ்.எஸ். வேதாசலம். ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘எதிரிகள் ஜாக்கிரதை’, ‘நான்கு கில்லாடிகள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று அவர் பட்டியல் நீளும். கிதார், சாக்ஸபோன், டிரம்பெட், பாங்கோ முதலிய மேலைக் கருவிகளை அவர் முன்னிருக்கையில் உட்காரவைத்தார். எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் அவற்றோடு போட்டியிட்டது. ஊர்த் திருமணங்களில் ஒலிபெருக்கி வழியாக இந்த ஒலி சமவெளியின் கடைசிச் சிற்றூர் வரை சென்றது. மேலை நாட்டுத் துள்ளலிசையைத் தட்டிலும் வானொலியிலும் தேடிக் கேட்க வசதியற்ற எளிய மக்கள், அதன் சாயலை வேதாவின் பாட்டில்தான் முதன்முதல் கேட்டனர்.

இங்கேதான் குற்றச்சாட்டு எழுகிறது. வேதாவின் பல மெட்டுகள் இந்தியிலிருந்து அப்படியே எடுத்தவை. எடுத்துக்காட்டாக, 1965இன் ‘வல்லவனுக்கு வல்லவன்’ 1963இல் வந்த இந்திப் படத்தின் தழுவல். அதில் ரவி இசையமைக்க, அசத் போபாலி எழுத, முகம்மது ரஃபி பாடிய பாட்டின் மெட்டே தமிழில் கண்ணதாசன் சொல்லோடும் டி.எம். சௌந்தரராஜன் குரலோடும் வந்தது. கதையை வாங்கும்போது மெட்டையும் சேர்த்து வாங்குவது அக்காலத் திரைத்தொழிலில் பரவலான வழக்கம். ஆயினும் வழக்கம் என்பதனால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடாது. ராமநாதன் கற்றுக்கொண்டு படைத்தார். வேதா பலமுறை எடுத்துக்கொண்டு கொடுத்தார். இவ்வேறுபாட்டை மூடிமறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ரஃபியின் பாட்டையும் சௌந்தரராஜனின் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றே. உருதுச் சொல் வளைந்து செல்லும் இடத்தில் தமிழ்ச்சொல் நிமிர்ந்து நிற்கிறது. ரஃபி குழையும் இடத்தில் சௌந்தரராஜன் முறையிடுகிறார். வாங்கிய நூல் ஒன்றேயானாலும் தறியும் சாயமும் வேறாகும்போது சேலையும் வேறாகிவிடுகிறது. சேலத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாரிசு நகரத்துக் குழு ஒன்று

இரவல் என்னும் குற்றச்சாட்டை முழுதாக ஆராய, இதற்கு நேர்மாறான ஒரு குழுவை எதிரில் வைத்துப் பார்ப்பது நல்லது. வேதா கொடிகட்டிப் பறந்த அதே நாளில், 1969இல், பாரிசு நகரில் கிறிஸ்தியன் வாந்தேர் என்னும் டிரம் வாசிப்பாளர் ‘மாக்மா’ என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். பழகிய பாதையை விட்டுப் புதுமை தேடிய குழு அது. எந்த அளவுக்கென்றால், தாய்மொழியாகிய பிரெஞ்சே தம் இசைக்குப் போதாதென்று கருதி, ‘கொபையன்’ என்னும் ஒரு மொழியையே வாந்தேர் புனைந்துகொண்டார். பூமியை விட்டு நீங்கிக் ‘கொபையா’ என்னும் கற்பனைக் கோளில் குடியேறும் மனிதரின் கதையை அம்மொழியில் பாடினர். 1970இல் முதல் இசைத்தட்டு வந்தது. 1980களில் குழு ஓய்ந்தது. 1996இல் மறுபடி கூடியது. 2022இலும் புதுத்தொகுப்பு வெளியிட்டது. அவர்களுடைய இசைவகைக்கே ‘ஸொய்ல்’ என்னும் தனிப்பெயர் அமைந்தது.

எல்லாம் சொந்தம். மெட்டு சொந்தம், மொழி சொந்தம், உலகமே சொந்தம். ஆயினும் இந்த வாந்தேரின் ஞானாசிரியர் யார்? 1967இல் மறைந்த அமெரிக்கக் கறுப்பின இசைமேதை ஜான் கோல்ட்ரேன். அவர் மரணம் தந்த துயரே தம்மை இப்பாதையில் தள்ளியதாக வாந்தேர் கூறியுள்ளார். அந்தக் கோல்ட்ரேனோ நம் நாட்டு இசையைத் தேடிக் கற்றவர். 1961இல் ‘இந்தியா’ என்று பெயரிட்டே ஓர் இசையை வாசித்தவர். சிதார் மேதை ரவிசங்கரின் நினைவாகத் தம் மகனுக்கு ரவி என்று பெயர் சூட்டியவர். எவருக்கும் கடன்படாதது போல் தோன்றும் பாரிசுக் குழுவின் வேரைத் தோண்டிச் சென்றால், அது அமெரிக்கா வழியாக நம் வாசலுக்கே வந்து சேர்கிறது.

ஆகவே இரவல் வாங்காத இசை உலகில் இல்லை. பாரிசுக் குழுவுக்கும் சேலத்துக் குழுவுக்கும் உள்ள பெருவேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. மாக்மாவில் எத்தனையோ பேர் வந்தனர், போயினர். எந்த ஆண்டில் எவர் எந்தக் கருவி வாசித்தார், எவர் பாடினார், எப்போது விலகினார் என்பதெல்லாம் தட்டுறைகளிலும் நூல்களிலும் ஒன்றுவிடாமல் பதிவாகியுள்ளன. வாந்தேர் யாருக்குக் கடன்பட்டார் என்பதும் அவர் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளது. சேலத்தில் வயலின் வாசித்த வரிசையில் இருந்தோர் யாவர்? ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தோர் யாவர்? இசையமைப்பாளர் பெயர் திரையில் ஓடியது; வாசித்தவர் பெயர் சம்பளப் பேரேட்டோடு போயிற்று.

செய்ய வேண்டியது

1982இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் பணியை முடித்துக்கொண்டது. தமிழிலும் பிற மொழிகளிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையத்தின் இடத்தில் இன்று வீடுகளும் கட்டடங்களும் நிற்கின்றன. நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியது. கே.வி. மகாதேவனின் ‘வண்ணக்கிளி’, ‘குமுதம்’ போன்ற படங்களின் பாட்டுகள் இன்னும் வானொலியில் மிதந்து வருகின்றன. கேட்போர் அவை சேலத்து நிலையத்தின் படங்கள் என்பதை அறியாமலே கேட்கின்றனர்.

வாங்கியது பிழையென்று சேலத்தாரை நாம் கடிந்துகொள்ளப் போவதில்லை. நம் முன்னோரும் வாங்கினர். வாங்கியதைத் தமிழாக்கி, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தனர். ஆனால் நம் முன்னோர் முனாஜாத்தின் முடிவில் பாடியவர் பெயரைப் பதித்துவைத்தனர். ஏடெழுதியவர் தம் பெயரையும் ஊரையும் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதிவைத்தனர். அந்த நல்வழக்கம் திரையிசையின் வாசற்படியில் அறுந்துபோயிற்று. அறுந்த இழையை முடிச்சிடும் காலம் முற்றும் கடந்துவிடவில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பழைய வீடுகளின் பரண்மேல் பாட்டுப்புத்தகங்கள் கிடக்கலாம். இசைத்தட்டுகளும், குழுவாக நின்று எடுத்துக்கொண்ட நிழற்படங்களும், மாதச் சம்பளச் சீட்டுகளும் கிடக்கலாம். பாட்டனார் அங்கே தபலா வாசித்தார், பெரியத்தா அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார் என்று சொல்லும் மூதாட்டிகள் நம் குடும்பங்களிலும் இருக்கலாம். அவர்களை இன்றே உட்காரவைத்துக் கேளுங்கள். நிழற்படத்தில் நிற்போரின் பெயரை அதன் பின்புறத்தில் எழுதுங்கள். பழைய பாட்டுப்புத்தகங்களையும் தட்டுகளையும் திரட்டிக் காப்பதற்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தாள் என்று எடைக்குப் போடுமுன் அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

‘பாலன்’ படத்து இப்ராஹிமுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்களில் எவரேனும் இவ்வரிகளைப் படிக்க நேர்ந்தால், அவருடைய தந்தையார் பெயரையும் பிறந்த ஊரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புவார்களாக. அந்தச் சிறு தாள், ஒரு மொழியின் இசை வரலாற்றில் வெற்றிடமாக நிற்கும் ஒரு வரியை நிரப்பிவிடும்.